உயிர் எடையா, கறி எடையா? பன்றிக்கறியை நேரே விற்றவர்கள் வாருங்கள்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர்த் தோட்டத்து ஓரமாகப் பன்னிரண்டு வெண்பன்றி வளர்க்கிறேன். வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், தெரிந்தவர்களுக்கு நாமே கொடுப்போம் என்று இறங்கினேன். முதல் கிறிஸ்துமஸிலேயே சண்டை.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பாதிப் பன்றி தனக்கு என்று முன்பணம் கொடுத்திருந்தார். அவர் முன்னால்தான் நிறுத்தோம். உயிரோடு 90 கிலோ. மனுஷன் அப்போதே 45 கிலோவை மகள் வீடு, மச்சினன் வீடு என்று மனக்கணக்கில் பங்கிட்டுவிட்டார் போல. 24ஆம் தேதி விடியற்காலையில் வந்து பார்த்தால் அவர் பங்கு 29 கிலோ.

"மீதி எங்கேடே போச்சு?"

ரத்தம், குடல், மயிர் எல்லாம் கழிந்தால் நூற்றுக்கு எழுபது சொச்சம்தான் நிற்கும், அதிலும் தலையும் காலும் போகும் என்றேன். காதில் ஏறவில்லை. குடல் கிடந்த அண்டாவையே தூக்கித் தராசில் வைத்துக் காட்டினேன். அப்புறம் தலையை வைத்தேன், அது மட்டுமே 5 கிலோவுக்கு மேல். கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தவர், "சரி, அந்தத் தலையையும் சாக்குல போடு" என்றார்.

அன்றிலிருந்து கறி எடைக்குத்தான் விலை. போனிலேயே சொல்லிவிடுவேன். கொழுப்பில்லாத கறி மட்டும் கேட்பவர்களுக்கும் ஒரே பதில்தான்: கூறுதான் போடுவேன், தோலும் கொழுப்பும் எலும்பும் கலந்துதான் வரும். பொறுக்கிக் கொடுத்தால் கடைசியில் கொழுப்பெல்லாம் என் தலையில்தான் விடியும்.

பதில் 1
நான் கூடலூர். 2022இல் வயநாட்டுப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தபோது இங்கே போன் அடிப்பதே நின்றுபோனது. அது மனிதருக்கு வராது என்று ஒவ்வொருவராகச் சொல்லிப் புரியவைத்தேன். எனக்கு வேறு பயம். நேரே வாங்குகிறவர்களுக்குக் கொட்டகைக்குள் வந்து பார்க்க ஆசை; அந்தக் கிருமியோ செருப்பில் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். பிள்ளைகளோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். இரண்டு குடும்பம் அதோடு வரவில்லை. ஓட்டல் மிச்சத்தையும் அன்றிலிருந்து நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் போடுகிறேன்.

பதில் 2
மாட்டுக்கறியும் இப்படி விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பன்றி மாதிரி நினைத்த நேரத்தில் முடியாது. தமிழ்நாட்டில் 1958ஆம் வருஷச் சட்டப்படி 10 வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாது என்று சான்றிதழ் வாங்கிய மாட்டைத்தான் அறுக்கலாம். நிரந்தரமாக ஊனப்பட்டதற்கும் சான்றிதழ் உண்டு. இளங்கறிக்காக வளர்த்து விற்கும் கணக்கே இங்கே உதைக்கும். நான் அலைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

முதலில் எழுதியவர்
கூடலூர் அண்ணாச்சி, நானும் யாரையும் உள்ளே விடுவதில்லை. வேலிக்கு வெளியே பெஞ்சு போட்டு, தராசையும் அங்கேயே வைத்துவிட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு வாத்தியார் அதில் உட்கார்ந்துகொண்டு, புதிதாக வந்த ஒருவருக்குக் குடல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.