பதில்: மரபணுத் தொகுப்பா, ஆக்கமா, யாப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

உயிர்வேதியியலாளர் ஹர் கோபிந்த் கொரானா பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மரபணுவைச் செயற்கையாகக் கட்டுவதற்கு, அதாவது 'gene synthesis' என்பதற்கு, என்ன சொல் போடுவது என்பதுதான் பாக்கி.

> யாழ்ப்பாணத்தில நாங்கள் ஒளித்தொகுப்பு எண்டுதான் படிச்சனாங்கள். தொகுப்பு எண்டே போடுங்கோ.

அண்ணா, ஒளிச்சேர்க்கையை (photosynthesis) ஒளித்தொகுப்பு என்பதில் சிக்கல் இல்லை. 'மரபணுத் தொகுப்பு' என்றால் இங்கே ஓர் உயிரியின் மொத்த மரபணுக்கள் என்றுதான் படிப்பார்கள், செய்தித்தாள்கள் அப்படிப் பழக்கிவிட்டன. கொரானா செய்தது வேறு. ஈஸ்ட்டின் அலனைன் கடத்து ஆர்.என்.ஏ. (அலனைன் என்ற அமினோ அமிலத்தைப் புரதம் கட்டும் இடத்துக்குக் கொண்டுவரும் மூலக்கூறு) வரிசையை ராபர்ட் ஹோலி என்ற அறிவியலாளர் 1965-இல் வெளியிட்டார். அதை வைத்து, 77 கார இணை நீளமுள்ள அதன் மரபணுவை, எந்த உயிரணுவிலிருந்தும் படியெடுக்காமல் கட்டி முடித்ததாக 1970-இல் கொரானா குழு அறிவித்தது. வினைபுரியக் கூடாத இடங்களைக் காப்புத் தொகுதிகளால் மூடி, டி.என்.ஏ. இழையின் அலகான நியூக்ளியோடைடு ஒன்றை இன்னொன்றோடு கோத்து, காப்பைக் கழற்றி, தூய்மையாக்கி, மறுபடி முதலிலிருந்து. அப்புறம் எதிர் இழைத் துண்டுகள் பாதிப்பாதியாக இணைசேர்ந்து நிற்க, லிகேஸ் நொதி ஒட்டியது. வான்கூவரில் துணைநொதி ஏ (coenzyme A) செய்த காலத்திலேயே, நியூக்ளியோடைடுகளைக் கோக்கும் பாஸ்பேட் பிணைப்பு அவருக்குக் கைவந்துவிட்டது. மரபுக் குறியீட்டு ஆய்வுக்காக அவர் பெற்ற 1968 நோபலோடு பாடப்புத்தகங்கள் நிறுத்திக்கொள்வது பெரிய அநியாயம், இந்த உழைப்பல்லவா பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்?

> யாத்தல் என்றாலே கட்டுதல். மொழிபெயர்த்து 'அதர்ப்பட யாத்தல்' என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். அசை, சீர், அடி எல்லாம் இதிலும் உண்டு, பிணைப்புக்குத் தளை! மரபணு யாப்பு என்க.

ஐயா, தளை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பதினொன்றாம் வகுப்பு மாணவி யாப்பு என்றதும் வெண்பாவைத்தான் நினைப்பாள். அதை விளக்க ஒரு பத்தி வேண்டும், பக்கத்தில் இடமில்லை.

> ஆக்கம் மிகப் பொதுவான சொல். நூலாக்கம், மின்னாக்கம், சோறாக்குவதுகூட ஆக்கம்தான்.

சரி, முன்னால் 'வேதி' சேர்ப்போம்: மரபணு வேதியாக்கம். 'மரபணுவை வேதிமுறையில் ஆக்கினார்' என்று வினையாகவும் வரும். சேகரித்ததாகத் தோன்றாது, செய்ததாகத் தோன்றும். எனக்கு அதுதான் முக்கியம். இதுவரை நான்கு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வியாழன் மாலைவரை மறுப்பு வராவிட்டால் இதையே அனுப்புகிறேன்.

---

மறுப்பு உண்டு தம்பி. துண்டுகளை ஒட்டியது நொதி என்று நீரே எழுதுகிறீர், அப்புறம் முழுதும் 'வேதி' எப்படி? துண்டுகளுக்கு வேதியாக்கம் பொருந்தும், முழு மரபணுவுக்குப் பொருந்தாது. 1976-இல் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வேலை செய்த, கொரானா குழுவின் செயற்கை மரபணுவுக்கும் இதே கேள்வி வரும். நால்வர் சொன்னதால் அச்சில் போடுங்கள், தடுக்கமாட்டேன். என் வாக்கு யாப்புக்கே.