வட்டத்தின் சமன்பாடு பிடிபட்ட விதம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேல்நிலை வகுப்பு கணித ஆசிரியர்:

வட்டம் நடத்தப் போகும் அன்று நான் சமன்பாட்டைப் பலகையில் எழுதுவதில்லை. கிராஃப் தாளைக் கொடுத்து, ஆதிப்புள்ளியிலிருந்து சரியாக 5 அலகு தூரத்தில் உள்ள புள்ளிகளைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். காம்பஸைத் தொடக் கூடாது. (5, 0), (0, 5), அவற்றுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு என்று நான்கு புள்ளிகள் உடனே வந்துவிடும். அதோடு நின்றுவிடுவார்கள். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை (3, 4) என்று சொல்லும். எப்படி என்று கேட்டால், "மூணு, நாலு, அஞ்சு சார், பிதாகரஸ்" என்று பதில் வரும். அதன் பிறகு (4, 3), (−3, 4) என்று மளமளவென்று குவிந்து மொத்தம் 12 புள்ளிகள் ஆகிவிடும். முழு எண்களில் அவ்வளவுதான்.

"சரி, எக்ஸ் 1 என்றால் ஒய் எவ்வளவு?" என்பது அடுத்த கேள்வி. 25-இல் 1 போனால் 24, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.9. எக்ஸ் 2 என்றால் 21-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 4.58. இப்படி இடைவெளிகளை நிரப்ப நிரப்ப, யாரும் வரையாமலே தாளில் வட்டம் தெரிய ஆரம்பிக்கும். அப்போதுதான் எக்ஸ்² + ஒய்² = 25 என்று எழுதுவேன். அதுவரை அவர்களே செய்துகொண்டிருந்த கணக்குதான் அது. 'மையத்திலிருந்து 5 அலகு தூரத்தில் இருக்கிறாயா?' என்று ஒவ்வொரு புள்ளியிடமும் கேட்கிற கேள்விதான் அந்தச் சமன்பாடு. ஆமாம் என்று சொல்லும் புள்ளிகளெல்லாம் சேர்ந்தால் வட்டம்.

நம் பாடத்திட்டத்தில் தொலைவு வாய்பாடு ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. கணிதப் பிரிவுப் பிள்ளைகள் வட்டத்தின் சமன்பாட்டைப் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பில். நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால், இரண்டும் ஒன்றே என்று யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் புதிதாக இன்னொரு சூத்திரம் வந்திருக்கிறது என்றே மனப்பாடம் செய்கிறார்கள். (எக்ஸ் − 3)² + (ஒய் + 4)² = 36 என்று கொடுத்தால் மையம் (3, −4). "குறியை மாத்திப் போட்டா போதும்" என்று டியூஷனில் சொல்லிக் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒய் + 4 என்பது ஒய் − (−4), அதாவது −4 என்ற இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்ற கணக்கு. இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதையே விரித்து எழுதினால் எக்ஸ்² + ஒய்² − 6எக்ஸ் + 8ஒய் − 11 = 0. மையமும் ஆரமும் உள்ளே மறைந்துவிடும். வர்க்கப் பூர்த்தி செய்தால், அதாவது எக்ஸ் உறுப்புகளையும் ஒய் உறுப்புகளையும் தனித்தனியாக முழு வர்க்கமாக்கினால், 9-உம் 16-உம் அந்த 11-ஓடு சேர்ந்து 36 ஆகி, ஆரம் 6 என்று திரும்ப வெளியே வரும். எக்ஸ்² + ஒய்² + 2ஜிஎக்ஸ் + 2எஃப்ஒய் + சி = 0 என்ற பொதுச் சமன்பாட்டில் மையம் (−ஜி, −எஃப்) என்பதும் இப்படி வந்ததுதான். ஒருமுறை கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது.

லேத் பட்டறை வைத்திருப்பவர், கோவை:

எனக்கு இது பிடிபட்டது டிப்ளமோ வகுப்பில் இல்லை, வேலைக்குச் சேர்ந்த பிறகு. பழைய மெஷினின் புல்லி ஒன்று உடைந்து, ஒரு துண்டு மட்டும் வந்தது. அதே அளவில் புதிதாகக் கடைந்து கொடுக்க வேண்டும். மையமே இல்லாத துண்டில் விட்டத்தை எங்கே அளப்பது?

ஃபோர்மேன் அண்ணன் துண்டைத் தாளில் வைத்து வெளி விளிம்பைப் பென்சிலால் வரைந்தார். அந்த வளைவின் மேல் இரண்டு இடங்களைக் குறித்து ஸ்கேலால் நேர்கோடு போட்டார். 60 மி.மீ. கோட்டின் நடுவிலிருந்து வளைவு வரை உயரம் 10 மி.மீ. "பாதி நீளத்தை அதாலயே பெருக்கு, உயரத்தால வகு, உயரத்தைக் கூட்டு" என்றார். 30 × 30 = 900, பத்தால் வகுத்தால் 90, பத்தைக் கூட்டினால் 100. விட்டம் 100 மி.மீ.

ஏன் அப்படி வருகிறது என்று கேட்டேன். "அப்படித்தான் தம்பி வரும்" என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கோட்டின் நடுவை ஆதிப்புள்ளி என்று வைத்தால், வளைவில் இருக்கும் மூன்று புள்ளிகள் (−30, 0), (30, 0), (0, 10). இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் மையம் (0, கே) என்றுதான் இருக்க முடியும். எல்லாப் புள்ளியும் மையத்திலிருந்து ஒரே தூரம். ஆகவே 900 + கே² = (10 − கே)². இரு பக்கமும் கே² அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 900 = 100 − 20கே. கே = −40. மையம் கோட்டுக்கு 40 மி.மீ. கீழே, ஆரம் 50. அண்ணன் சொன்ன அதே விடை.

தாளைக் கொண்டுபோய்க் காட்டியதும் அவர் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்தார். பிறகு வேறு நீளத்தில் ஒரு கோடு போட்டு, இதற்கும் அப்படியே வருகிறதா பார் என்றார். வந்தது. வட்டத்தைத் தீர்மானிக்க ஏன் மூன்று புள்ளிகள் வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. பொதுச் சமன்பாட்டில் தெரியாதவை ஜி, எஃப், சி மூன்று. மூன்று புள்ளி கொடுத்தால் மூன்று சமன்பாடு கிடைக்கும். ஒரே கோட்டில் இல்லாத புள்ளிகளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொபைல் கேம் எழுதுபவர்:

என் வேலையில் சமக்குறி குறைவு, 'சிறியது' (<) என்ற குறிதான் அதிகம். திரையில் வட்டமான பட்டனை விரல் தொட்டதா என்று பார்க்க, மையத்திலிருந்து எக்ஸ் விலகலின் வர்க்கத்தையும் ஒய் விலகலின் வர்க்கத்தையும் கூட்டி, ஆரத்தின் வர்க்கத்தைவிடக் குறைவா என்று பார்த்தால் போதும். வர்க்கமூலம் எடுக்கவே தேவையில்லை. குறைவு என்றால் உள்ளே, அதிகம் என்றால் வெளியே.

பி.எட். மாணவி:

பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு பையன் தானாகவே ஒரு சமன்பாடு எழுதிக்கொண்டு வந்தான்: எக்ஸ்² + ஒய்² + 2எக்ஸ் + 2ஒய் + 5 = 0. மையம் (−1, −1) சரியாக வருகிறது, ஆரத்தின் வர்க்கம் −3 என்று வருகிறது, எங்கே தப்பு மிஸ் என்றான். கணக்கில் தப்பே இல்லை, அந்தச் சமன்பாடு கேட்கிற கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல ஒரு மெய்ப்புள்ளிகூட இல்லை என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படிக் காட்டியிருக்கலாம்?

கணித ஆசிரியர்:

நல்ல கேள்வி கேட்ட பையன். கடைசி எண்ணை மட்டும் மாற்றி மாற்றி அவனையே போடச் சொல்லுங்கள். −2 என்றால் ஆரம் 2. 1 என்றால் ஆரம் 1. 2 என்றால் ஆரம் 0, (−1, −1) என்ற ஒரே புள்ளிதான் மிஞ்சும். அதற்கு மேல் 5 வரை போனால் என்ன ஆகும் என்று அவனே சொல்லிவிடுவான். கேட்டுப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.