தாழ்ப்பாளுக்குக் கை எட்டாது

அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்தபோது, எங்கே அழைத்துப் போகட்டும் என்று கேட்டேன். காசி, ராமேஸ்வரம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். "அந்தமான் ஜெயிலைப் பார்க்க வேண்டும்" என்றார். நாற்பது வருடம் இரும்புப் பட்டறையில் கதவும் கிரில்லும் செய்தவர் அவர். சிறு வயதில் அவருடைய தாத்தா யாரையாவது திட்டினால், "உன்னைத் தீவாந்தரம்தான் அனுப்ப வேண்டும்" என்பாராம், அதாவது கைதியாகக் கடல் கடந்து அந்தமானுக்கு. அந்தத் தீவு எப்படி இருக்கும் என்ற கேள்வி அத்தனை வருடமும் அப்பாவின் மனதில் கிடந்திருக்கிறது.

போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். எங்களை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் இன்னும் பழைய பெயரைத்தான் சொன்னார், அதையும் நல்ல தமிழில் சொன்னார். சிறைவாசலில் இறங்கும்போதே கூட்டம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் புல்வெளி, பூச்செடிகள். முதல் பார்வைக்குப் பழைய கல்லூரி விடுதி போலத்தான் இருக்கிறது. எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆங்கிலேயர்கள் இந்தச் சிறையை 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்திருக்கிறார்கள். செங்கல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கட்டடங்கள். இன்று எஞ்சியிருப்பவை மூன்றுதான். மற்றவை இருந்த இடத்தின் ஒரு பகுதியில் 1963 முதல் அரசு மருத்துவமனை நடக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 700 கொட்டடிகள். பொது அறை என்று ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கொட்டடிக்கு ஒரு ஆள். ஆங்கிலத்தில் செல் என்றால் கொட்டடி, செல்லுலார் ஜெயில் என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்தபடி இருக்கிறது. கம்பிக் கதவருகே நின்று பார்த்தால் எதிரே வெறும் சுவர்தான் தெரியும். இன்னொரு மனித முகம் தெரியவே தெரியாது.

வழிகாட்டி கூட்டத்தை வேகமாக நடத்திக்கொண்டு போனார். அப்பா ஒரு கதவருகே நின்றுவிட்டார். கூப்பிட்டேன், வரவில்லை. குனிந்து தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தார். நாம் வீட்டில் போடுவது போல அது கதவோடு முடிவதில்லை. நீளமான இரும்புக் கம்பி கதவைத் தாண்டிப் பக்கத்துச் சுவருக்குப் போகிறது. சுவரில் விளக்கு வைக்கும் மாடம் போல ஒரு குழி குடைந்து, அதற்குள்தான் பூட்டு. அப்பா உள்ளே போய், கதவைச் சாத்தச் சொல்லி, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினார். தோள்வரை நீட்டியும் மாடத்தின் விளிம்பைக்கூடத் தொட முடியவில்லை. வெளியே வந்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் செய்த கதவெல்லாம் உள்ளே இருப்பவர்கள் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள். இதைச் செய்தவன் உள்ளே இருப்பவன் கையை அளந்து பார்த்துச் செய்திருக்கிறான்."

எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டுப் போனவள் நான். அந்த ஒரு வாக்கியம் தந்ததை எதுவும் தரவில்லை.

நான் மட்டும் ஒரு கொட்டடிக்குள் போய் நின்றேன். 13.5 அடி நீளம், 7.5 அடி அகலம். பின்சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு சிறு காற்றுவழி. அதில் தெரிந்த வானத்தின் துண்டு என் உள்ளங்கை அளவுதான். சிறிது நேரத்தில் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. இங்கே அடைபட்டிருந்த வங்காளப் புரட்சியாளர்களில் உல்லாஸ்கர் தத்துக்குச் சித்தம் கலங்கியதும், இந்துபூஷண் ராய் 1912-ல் தூக்குப் போட்டுக்கொண்டதும் இங்கேதான். அவர்கள் மன உறுதி குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால், அந்தக் கொட்டடியில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்தி உட்காரச் சொல்வேன்.

முற்றத்தில் செக்கு மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய், அதாவது பதின்மூன்று கிலோவுக்கும் மேல், ஒரு ஆள் ஆட்டியாக வேண்டும். அளவு குறைந்தால் தண்டனை. அப்பா அதைப் பார்த்ததும் "நம் சிதம்பரம் பிள்ளை" என்றார். வ.உ.சி. செக்கிழுத்தது கோவைச் சிறையில் என்று நான் திருத்தவில்லை. அவருக்கும் அது தெரியும். செக்கு என்றதும் தமிழ்நாட்டுக்காரருக்கு வேறு யார் நினைவு வரும்?

தூக்குமேடை அறை ஒரு மூலையில் இருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று பேரைத் தூக்கிலிட முடியும். அங்கே நான்கைந்து இளைஞர்கள் சுருக்குக் கயிற்றுக்குக் கீழே கழுத்தைச் சாய்த்து, நாக்கை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா எதுவும் சொல்லாமல் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அதில் ஒரு பையன் அப்பாவின் காலைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். நண்பனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மாலையில் ஒலி-ஒளிக் காட்சி. வளாகத்து அரசமரமே கதை சொல்வது போல அமைத்திருக்கிறார்கள். இந்தியில் நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். 1933 மே மாதம் உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் போராட்டக் கைதி மகாவீர் சிங்கை அழுத்திப் பிடித்துக் குழாய் வழியே பால் ஊற்றியதையும், அது நுரையீரலுக்குப் போய் அவர் இறந்ததையும் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. அப்பா என் கையைத் தட்டி, "புரிகிறது, விடு" என்றார்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திறந்தவுடன் போய்விடுங்கள், கூட்டம் சேருவதற்குள் தனியாக ஒரு கொட்டடியில் நிற்கக் கிடைக்கும்.

* * *

மேலே எழுதிய தங்கையின் அப்பாவுக்கு என் வணக்கம். நானும் அங்கே போயிருக்கிறேன், அந்தத் தாழ்ப்பாளைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். கையை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

செல்லுலார் ஜெயிலுக்கு முன்பே, அங்கே பக்கத்திலுள்ள வைப்பர் தீவில் ஒரு சிறை இருந்தது. நாங்கள் போன படகில் பெரும்பாலானோர் கடற்கரை பார்க்க வந்தவர்கள், கரையோடு நின்றுவிட்டார்கள். நானும் மனைவியும் மட்டும் மேட்டில் ஏறினோம். உச்சியில் செங்கல் கட்டடம், அதற்குள் தூக்குமேடை. அந்தமானுக்கு வந்த வைசிராய் மேயோவை 1872 பிப்ரவரியில் குத்திக் கொன்ற கைதி ஷேர் அலி அஃப்ரிதியை அடுத்த மாதமே அந்தத் தீவில்தான் தூக்கிலிட்டார்கள். சுற்றிலும் பச்சைப் பசேலென்று மரங்கள், கீழே கலங்காத நீர். பறவைச் சத்தம் தவிர எதுவும் இல்லை. இறங்கும்போது மனைவி, "இவ்வளவு தூரம் கொண்டுவந்தா கொல்ல வேண்டும்?" என்று கேட்டாள். கீழே வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

* * *

மேலே இருவரும் எழுதிய அந்தமானை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது சென்னை மத்திய சிறை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே 1837-ல் கட்டியது. 2006-ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-ல் இடிப்பதற்கு முன் சில நாட்கள் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். திருவிழாக் கூட்டம். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர்கள்கூட இருந்தார்கள். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கொட்டடியின் சுவரில் யாரோ கரியால் வேல் ஒன்று வரைந்து, அதன் கீழே சிறு திட்டில் திருநீறு வைத்திருந்த தடம் இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றபோது எனக்கு முன்னால் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், மனைவியோடு வந்து நின்றார். மெதுவாக, "இங்கேதான்" என்றார். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய், தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு ஜில்லென்று இருக்கிறதே, எதை விரித்துப் படுத்தீர்கள்?" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. நான் இரண்டு கைகளையும் கதவின் குறுக்கே வைத்து, "கொஞ்சம் பொறுங்கள்" என்று பின்னால் இருந்தவர்களிடம் சொன்னேன். அந்த அம்மா எழுந்து வரும்வரை யாரும் தள்ளவில்லை.