ஃப்ரீ மெமரி 1.7 ஜிபி இருந்தும் கெர்னலில் ஆர்டர் 5 (அடுத்தடுத்த 32 மெமரி பேஜ்) அலகேஷன் தோற்பது ஏன்?

கேள்வி:
லினக்ஸ் 6.1, எக்ஸ்86-64, 16 ஜிபி ரேம். நாங்களே எழுதிய கேரக்டர் டிவைஸ் டிரைவர். ஒவ்வொரு ஓப்பனுக்கும் ஒரு ஸ்ட்ரக்சரை கேமாலாக் (கெர்னலில் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) செய்கிறோம்: 48 பைட் ஹெடர், அதை ஒட்டி 65,536 பைட் டேட்டா. மெஷின் சில நாள் ஓடிய பிறகு ஓப்பன் ஈநோமெம் (மெமரி இல்லை) எரர் தருகிறது. கெர்னல் லாகில் "பேஜ் அலகேஷன் ஃபெயிலியர், ஆர்டர்:5, ஜிஎஃப்பி_கெர்னல்". கீழே, எந்த அளவு ஃப்ரீ கட்டு எத்தனை என்று காட்டும் இந்த வரி:

நார்மல்: 210000*4கேபி 90000*8கேபி 14000*16கேபி 310*32கேபி 6*64கேபி 0*128கேபி

ஊம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) எதையும் கொல்லவில்லை. கேட்டது 64 கேபி, ஆர்டர் 5 என்றால் 128 கேபி ஆயிற்றே?

பதில் 1:
அந்த 48 பைட்தான் காரணம். 8 கேபிக்கு மேல் போனால் கேமாலாக், சிறு துண்டுகளுக்கான ஸ்லாப் கேஷைத் தொடாது, நேரே பேஜ் அலகேட்டரிடம் போகும். அங்கே 4 கேபி பேஜ்கள் 1, 2, 4, 8, 16, 32 என்ற கட்டுகளாகத்தான் கிடைக்கும். 65,584 பைட்டுக்கு 17 பேஜ் வேண்டும். அடுத்த கட்டு 32. ஏறக்குறைய பாதி வீண். ஹெடரைத் தனியாக ஒதுக்கினால் ஆர்டர் 4 போதும்.

ஆனால் உங்கள் லாகில் 64 கேபி கட்டே ஆறுதான் இருக்கிறது. அதனால் இது தீர்வாகாது, தோல்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவே. டேட்டாவை டிஎம்ஏ (ஹார்ட்வேர் நேரடியாக ரேமை அணுகுவது) தொடுகிறதா, வெறுமனே யூசருக்கு காப்பி செய்கிறீர்களா?

பதில் 2:
ஊம் கில்லர் வராதது சரியான நடத்தைதான். ஆர்டர் 3 வரை கெர்னல் விடாமல் முயலும். அதற்கு மேல் உள்ளவை 'காஸ்ட்லி'. ரிக்ளெய்ம் (பேஜ்களை மீட்பது), கம்பாக்‌ஷன் (பேஜ்களை நகர்த்தி ஒட்டிய இடம் உண்டாக்குவது) இரண்டையும் முயன்று பார்த்துவிட்டு நல் பாயின்டரைத் திருப்பிவிடும்.

கம்பாக்‌ஷன் ஏன் உதவவில்லை என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. ஃப்ரீ கட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டும் /ப்ராக்/படிஇன்ஃபோவைக் குறித்துக்கொண்டு, ரூட்டாக /ப்ராக்/சிஸ்/விஎம்/கம்பாக்ட்_மெமரியில் 1 எழுதிவிட்டு, மறுபடி பாருங்கள். இடமிருந்து முதல் எண் ஆர்டர் 0, ஆறாவது ஆர்டர் 5. அது நன்றாக ஏறினால் இடையில் கிடப்பவை நகர்த்தக்கூடிய பேஜ்கள். ஏறாவிட்டால் அன்மூவபிள் பேஜ்கள் ஆங்காங்கே வழியை மறிக்கின்றன. அவை பெரும்பாலும் கெர்னலின் சொந்த அலகேஷன்கள். கெர்னல் கையிருப்பாக வைக்கும் ஃப்ரீ மெமரியின் அளவான மின்_ஃப்ரீ_கேபைட்ஸை உடனே ஏற்ற வேண்டாம். தூங்க முடியாத ஜிஎஃப்பி_அட்டாமிக் அலகேஷன் தோற்கும்போதுதான் அது பெரிதும் உதவும்.

கேட்டவர்:
டிஎம்ஏ இல்லை, காப்பி மட்டும்தான். கம்பாக்‌ஷனுக்குப் பிறகு ஆறாவது எண் 0-இலிருந்து 9 ஆனது. மெம்இன்ஃபோவில் எஸ்அன்ரிக்ளெய்ம் (மீட்க முடியாத ஸ்லாப் மெமரி) 3.9 ஜிபி. ஸ்லாப் கேஷ்களைப் பட்டியலிடும் ஸ்லாப்டாப்பில் மொத்தமே 0.6 ஜிபிதான் வருகிறது. மிச்சம் எங்கே?

பதில் 1:
அப்படியானால் லீக் (ஒதுக்கிய மெமரியை விடுவிக்காமல் விடுவது) என்றே சந்தேகிக்க வேண்டும். 8 கேபிக்கு மேற்பட்ட கேமாலாக் எஸ்அன்ரிக்ளெய்மில் கணக்காகும், ஆனால் எந்த ஸ்லாப் கேஷிலும் இல்லாததால் ஸ்லாப்டாப்பில் தெரியாது. உங்கள் 128 கேபி துண்டுகளே அங்கே சேர்ந்திருக்கலாம். ஓப்பனில் அலகேட் செய்த பின் வேறு ஏதாவது தோற்று, எரர் பாதையில் ஃப்ரீ செய்யாமலே திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள். ஓப்பன் தோற்றால் ரிலீஸ் ஃபங்ஷன் அழைக்கப்படாது. பலர் கோட்டை விடும் இடம் இது.

உறுதிப்படுத்த, டெஸ்ட் மெஷினில், லீக்கைக் கண்டுபிடிக்கும் கேமெம்லீக்கை இயக்கிய கெர்னலைப் போட்டு, ஓப்பனையும் க்ளோஸையும் சில ஆயிரம் தடவை ஓட்டுங்கள். தோற்கும் ஓப்பன்களும் அதில் இருக்கட்டும். பிறகு டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள கேமெம்லீக் ஃபைலில் 'ஸ்கேன்' என்று எழுதி, அதையே படியுங்கள். கால் ஸ்டாக்கோடு காட்டும். முதல் ஸ்கேனில் பொய் எச்சரிக்கையும் வரலாம், இரண்டு தடவை ஓட்டுங்கள்.

பதில் 3:
லீக்கை அடைத்த பிறகும் கேமாலாக்கை கேவிமாலாக்காக மாற்றிவிடுங்கள். டிஎம்ஏ இல்லாததால் தொடர்ச்சியான ஃபிசிக்கல் மெமரி உங்களுக்குத் தேவையே இல்லை. பெரிய கட்டு கிடைக்காவிட்டால் அது தானாக வீமாலாக்குக்குப் போய், சிதறிய 17 பேஜ்களைத் தொடர்ச்சியான விர்ச்சுவல் முகவரியில் கோத்துக் கொடுக்கும்.

ஒரே எச்சரிக்கை: விடுவிக்கும் இடங்கள் அனைத்திலும் கேஃப்ரீயை எடுத்துவிட்டு கேவிஃப்ரீ போடுங்கள். ஒன்று விடுபட்டாலும் புதிதாக பூட் ஆன மெஷினில் தெரியாது, அங்கே பெரிய கட்டுகள் கிடைத்துக்கொண்டே இருக்கும். மெமரி துண்டாகி வீமாலாக் பக்கம் போன அன்றுதான் கெர்னல் விழும்.