பேசிப் பிரியலாம் என்றார், இப்போது ஃபைலைக் காணோம்

மழைத்துளி:
கல்யாணமாகி 11 வருடம். சண்டை இல்லாமல் பேசிப் பிரிந்துவிடலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார், நானும் நம்பினேன். போன மாதம் வீட்டுப் பத்திரத்தைத் தேடினால், பச்சை ஃபைல் இருந்த இடத்தில் அதில் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் மட்டும் கிடக்கிறது. கூட்டுக் கணக்கின் ஸ்டேட்மென்ட் என் மெயிலுக்கு வருவதும் நின்றுவிட்டது. கேட்டால், "உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?" என்கிறார்.

ராத்திரி 11 மணிக்கு மேல் குத்திக் குத்தி மெசேஜ் வருகிறது. கொதித்துப்போய் நாலு வார்த்தை திருப்பி எழுதினால் சத்தமே இல்லை. காலையில், "கோபப்படாதே, பிள்ளையை நினைச்சுக்கோ" என்று சாது மாதிரி ஒரு வரி. பேசாமல் கணக்கில் இருக்கும் பணத்தை எல்லாம் எடுத்து அம்மா பேரில் போட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. தப்பா?

பட்டவள்:
முதலில் அந்த ராத்திரி மெசேஜ். உங்கள் வாயைக் கிளறத்தான் அது. எனக்கும் இதே வேலைதான் நடந்தது. "நீயெல்லாம் மனுசனா" என்று நான் எழுதிய ஒரு வரி, அதற்கு முன்னால் அவர் எழுதிய 14 வரி இல்லாமல், ஸ்கிரீன்ஷாட்டாக மனுவோடு வந்தது. "முழு உரையாடல் எங்கேம்மா?" என்று வக்கீல் கேட்டார். கோபத்தில் நான்தான் அழித்திருந்தேன்! அதனால் எதையும் அழிக்காதீர்கள், உங்களுக்கு அசிங்கமாக இருக்கும் வரியைக்கூட.

பதிலை ராத்திரி எழுதாதீர்கள். காலையில், பிள்ளை, பணம் இரண்டைப் பற்றி மட்டும்: "ஃபீஸ் 10ஆம் தேதிக்குள் கட்டணும். உங்கள் பங்கு எப்போது வரும்?" அவ்வளவுதான். நீதிபதி படித்தால் கொட்டாவி விடணும்.

அப்புறம் ஒன்று. பிள்ளை கேம் விளையாடும் பழைய டேப்லெட் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? எங்கள் வீட்டு டேப்லெட்டில் என் மெயில் திறந்தே கிடந்தது. மூன்று மாதம் வக்கீலுக்கு நான் எழுதியதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது, பாஸ்வேர்ட் மறந்தால் கோட் வரும் மீட்பு எண் யாருடையது என்பதையும் பாருங்கள்.

குமாஸ்தா:
குடும்ப வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் வேலை செய்கிறேன். அம்மா பேரில் பணம் போடுவது வேண்டவே வேண்டாம் சகோதரி. ஒளித்தவர் நீங்கள் என்றாகிவிடும். கூட்டுக் கணக்கு என்றால் பழைய ஸ்டேட்மென்ட் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். பத்திரம் பதிவானதுதான் என்றால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம், ஃபைல் போனால் வீடு போய்விடாது. சொத்தை விற்றுவிடுவார் என்று பயம் இருந்தால் இடைக்காலத் தடை கேட்க முடியும். அதை உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் உடனே பேசுங்கள்.

ஜீவனாம்சம் என்றதும் "வியாபாரம் படுத்துவிட்டது" என்பார்கள். அவர் எப்போதாவது லோன் கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் நகல் உங்களிடம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். கடன் கேட்கும்போது யாரும் வருமானத்தைக் குறைத்து எழுதுவதில்லை. அதற்காக அவருடைய மெயிலுக்குள் நுழைந்து தேடிவிடாதீர்கள். பல இடங்களில் அதுவே குற்றம்.

ஒற்றைக்கால்:
ஆண்களுக்கும் இதே கதைதான். "சும்மா ஒரு கையெழுத்து, அப்புறம் படிச்சுக்கலாம்" என்று மனைவியின் அண்ணன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். வாரம் ஒரு நாள் மட்டும் மகளைப் பார்க்கச் சம்மதம் என்று அதில் இருந்தது. மாற்றிக்கொள்ள ஒன்றரை வருடம் ஆயிற்று.

மழைத்துளி:
டேப்லெட்டைப் போய்ப் பார்த்தேன் அக்கா. திறந்தேதான் கிடந்தது, கை நடுங்கிவிட்டது. எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறிவிட்டு, புது மெயில் ஒன்று ஆரம்பித்தேன். பத்திர நகலுக்கு விண்ணப்பம் போட்டாச்சு. பணத்தைத் தொடவில்லை.

நேற்று ராத்திரி 11.40க்கு ஒரு மெசேஜ். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம்தான் வரவில்லை. காலையில் ஃபீஸ் தேதியை மட்டும் கேட்டிருக்கிறேன். பார்த்துவிட்டார், இன்னும் பதில் இல்லை.