ஹவுஸ் பேட்டரி: ‘புழங்கு பேட்டரி’ எனலாமா?

வணக்கம்.

விசைப்படகுக் கையேட்டுக்காக ‘ஹவுஸ் பேட்டரி’க்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி தவிர, படகின் விளக்கு, கருவிகளை ஓட்டத் தனியாக வைக்கிற பேட்டரி அது. ‘வீட்டு மின்கலம்’ என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகில் போகிறவரிடம் அப்படிச் சொன்னால் வீட்டு இன்வெர்ட்டரைத்தான் நினைப்பார். ‘துணை மின்கலம்’ அதைவிட ஆபத்து. முதல் பேட்டரி இறங்கினால் எடுத்துக்கொள்ள ஒரு மாற்று என்று பொருள்பட்டுவிடும். படகில் நடப்பது வேறு.

எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டுக் கிடக்கும் இரவில் விளக்கு, ஜிபிஎஸ், விஎச்எஃப் என்கிற வயர்லெஸ் கருவி, அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்பு எல்லாம் ஒரு பேட்டரியில் ஓடும். விடிந்ததும் செல்ஃப் அடிக்க இன்னொன்று தொடாமல் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பதால் செல்ஃப் அடிக்கும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். விளக்குக்கான பேட்டரியில் தகடுகள் தடிமன்; மெதுவாக, ஆழமாக இறங்கினாலும் தாங்கும். எந்த பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் மாற்றுச் சுவிட்சை ‘இரண்டும்’ என்ற நிலையில் விட்டுத் தூங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கிவிடும். எஞ்சின் கிளம்பாத படகைப் பாக் நீரிணையின் நீரோட்டம் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன? பெயரிலேயே வேலை தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

என் பரிந்துரை: விளக்கு, கருவிகளுக்கானது ‘புழங்கு பேட்டரி’, செல்ஃப் அடிப்பதற்கானது ‘கிளப்பு பேட்டரி’. ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிக்கிற தண்ணீர் வேறு, புழங்குகிற தண்ணீர் வேறு. தண்ணீருக்கு அலைந்த வீடுகளில் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு வைத்ததை இன்னொன்றுக்கு எடுக்கக்கூடாது என்ற அதே கட்டுப்பாடுதான் இங்கேயும். இரண்டு பெயர்களும் ‘ஊறுகாய்’ போல வினைத்தொகை, வல்லினம் மிகாது (‘புழங்குப் பேட்டரி’ என்று வராது).

‘பேட்டரி’ என்ற ஆங்கிலச் சொல்லை விட்டுவிடக்கூடாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்குள் ஆறு கலங்கள் உண்டு, ஆகவே ஒற்றைக் கலத்தைக் குறிக்கும் ‘மின்கலம்’ பொருந்தாது. பாடநூல் வழக்கில் ‘மின்கல அடுக்கு’. கையேட்டின் தொடக்கத்தில் அதை ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் பேட்டரி என்றே எழுதலாம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “எஞ்சின் நின்று கொஞ்ச நேரம் கழித்துப் புழங்கு பேட்டரி 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது. வேண்டாத விளக்குகளை அணையுங்கள். ஜிபிஎஸ்ஸையும் பம்பையும் நிறுத்தாதீர்கள்.” தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

இன்னொன்று பாக்கி. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது இரண்டு பேட்டரிகளையும் இணைத்து, எஞ்சின் நின்று மின்னழுத்தம் 12.8 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) இருக்கிறதே, அதற்குப் ‘பிரிப்பு ரிலே’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இணைப்பதும் அதன் வேலைதான் என்பதால் ‘சேர்பிரி ரிலே’ பொருத்தமா? படகில் வயரிங் வேலை செய்கிறவர்கள் சொன்னால் நல்லது.