மறு: ‘டவ்டெயில்’ – புறாவை விட்டு வாலைப் பிடிப்போம்

> திசைவியும் சட்டகமும் கொண்டு புறாவால் மூட்டு வெட்டுதல்

அன்புள்ள குழுவினருக்கு,

மேலே இருப்பது நண்பர் ஒட்டியிருந்த, நம் தச்சுக் கையேட்டு வரைவின் தலைப்பு. ‘டவ்டெயில்’ (புறாவால்) என்று ஆங்கிலத்தில் சொல்வது, ஒரு பலகையில் நுனி விரிந்த வால் போன்ற வெட்டும் மற்றதில் அது உட்காரும் குழியுமாக இரண்டு பலகைகளைப் பூட்டும் மூட்டு. அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் தமிழ்ச் சொல் தேடுவதுதான் இங்கே பேச்சு. திசைவி என்பது கணினி வலையில் தரவுக்கு வழிகாட்டும் பெட்டி. அதை வைத்துத் தேக்குப் பலகையை என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை! ஆங்கிலத்தில் அதுவும் ரூட்டர்தான், ஆனால் பட்டறையில் இருக்கும் ரூட்டர் வேறு. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் ஓடி மரத்தைக் குடையும் பொறி அது. நம் தச்சர்கள் அதை எடுப்பதே பெரும்பாலும் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கத்தான். ‘காடிப்பொறி’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் உட்கார்ந்தது. யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் இதை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

பறவைக்கு வருகிறேன். ஒரு வாரமாக இங்கே நடப்பது கலைச்சொல் விவாதமா, பறவை நோக்கலா என்றே சந்தேகம். ஆங்கிலேயர் புறாவைப் பார்த்தார்கள், ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் தகைவிலான் குருவியைப் பார்த்தார்கள், ஸ்பானியர் பருந்தைப் பார்த்தார்கள். அவரவர் கூரைமேல் உட்கார்ந்ததை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் நமக்குக் கரிச்சான் பொருந்தும் என்றவர் சொன்னது நியாயம்தான். மின்கம்பியில் உட்காரும் இரட்டைவால் குருவியின் வால் நுனி வெளிப்பக்கம் விரிந்து பிளந்திருப்பதைப் பார்த்தவருக்கு இந்த மூட்டை விளக்கவே வேண்டாம். ஆனால் ‘அரைமறைவுக் கரிச்சான்வால் மூட்டு’ என்று ஒரு வரியில் மூன்று முறை எழுதிப் பாருங்கள். மூட்டுக்கு முன்னால் கை வலிக்கும். அதோடு கடைசல் இயந்திரத்தில் கருவியைத் தாங்கி நகரும் சறுக்குத் தடத்துக்கும் இதே வடிவம், இதே பெயர். இரும்பில் குருவியை ஏன் ஏற்ற வேண்டும்? ‘விரிவால்’ போதும். வடிவத்தைச் சொல்கிறது, எந்தப் பறவை என்று கேட்கவில்லை.

என் கவலை மூட்டின் பெயரில் இல்லை. உறுப்புகளின் பெயரில்தான் கையேடு தடுக்கி விழுகிறது. வரைவில் இரண்டு பலகையின் வெட்டுக்கும் ‘பல்’ என்றே போட்டிருக்கிறார்கள். கையால் அறுப்பவர் எப்படியோ சமாளித்துவிடுவார், முதலில் வெட்டிய பலகையை அடுத்ததன்மேல் வைத்துக் கோடு கீறி அறுப்பதால் கண்ணே திருத்திக்கொள்ளும். ஜிக்கில், அதாவது பலகையைப் பிடித்துக் காடிப்பொறிக்கு வழிகாட்டும் சட்டகத்தில், அந்த வசதி இல்லை.

இழுப்பறைக்கான சாதாரண ஜிக்கை எடுத்துக்கொள்வோம். பக்கப்பலகை ஜிக்கின் முன்னால் செங்குத்தாக நிற்கும். முகப்புப்பலகை மேலே படுத்திருக்கும். இரண்டின் உட்புறமும் வெளியே பார்க்கும்படி மாட்ட வேண்டும். புதிதாக வருபவர் திணறுவது இங்கேதான், ஏனென்றால் பெட்டியை மனதில் உள்வெளியாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே விரல்கள் போலப் பிளந்த தகடு. ஒரு பலகை மற்றதைவிட அரை இடைவெளி பக்கவாட்டில் தள்ளியிருக்கும். காடிப்பொறியை அந்த விரல்களுக்குள் விட்டு விட்டு எடுத்தால் அதில் மாட்டிய ஒரே அலகு (வெட்டும் முனை), ஒரே ஓட்டத்தில் இரண்டு பலகையையும் வெட்டிவிடும். நிற்கும் பலகையில் வால், படுத்த பலகையில் அந்த வால் போய் உட்காரும் குழி, குழிகளுக்கு நடுவே மிஞ்சி நிற்கும் மரம். இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாமல் ஒரு குறிப்பைக்கூட எழுத முடியாது.

மூட்டு தளர்வாக வந்தால் என்ன செய்வது? அலகை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் இன்னும் தளராதா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அலகு அடியில் அகலம், மேலே ஒடுக்கம். ஆழம் கூடினால் வால்களுக்கு நடுவே மேற்பரப்பில் விழும் வெட்டு ஒடுங்கும், அதனால் வாலின் நுனி அகலும். குழியின் அடி அகலமோ அலகின் அடி அகலத்தைப் பொறுத்தது, மாறாது. 14 பாகை அலகில் 1 மி.மீ. இறக்கினால் வால் நுனி ஏறக்குறைய அரை மி.மீ. பெருக்கும். கையேடு சொல்ல வருவது இதைத்தான். நம் வரைவில் இருப்பது: ‘பல் தளர்ந்தால் பல்லை ஆழப்படுத்தவும்.’ பல் மருத்துவரிடம் அனுப்பலாம்.

ஆகவே என் முன்மொழிவு: பக்கப்பலகையில் இருப்பது ‘வால்’. முகப்புப்பலகையில் வெட்டுப்படுவது ‘குழி’. குழிகளுக்கு நடுவே நிற்பது ‘முளை’. முகப்பிலிருந்து பார்த்தால் தெரியாத வகை (மேலே ‘அரைமறைவு’ என்றது) ‘முகமறை விரிவால்’. இரண்டு பக்கமும் தெரிவது ‘ஊடு விரிவால்’. தட்டுப்பலகையைப் பக்கவாட்டில் தள்ளிச் செருகும் வகை ‘சறுக்கு விரிவால்’.

> தம்பி, முளை வேண்டாம். பட்டறைப் பையன்கள் மரக்குச்சி அடிக்கிற முளை என்று நினைத்துக்கொள்வார்கள். பேசாமல் ஆண், பெண் என்றே வைத்துக்கொள்ளலாமே? குழாய் வேலையில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்.

ஐயா, பட்டறை நடத்தும் நீங்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். குழாயிலே ஒன்று நுழையும், மற்றது ஏற்கும், அங்கே அந்தச் சொல் சரி. இங்கே வால் குழிக்குள் போகிறது, அதே நேரம் முளை இரண்டு வால்களுக்கு நடுவே போகிறது. எது ஆண்? நுழையாத பக்கமே இல்லை. மரக்குச்சிக்கு ‘மர ஆணி’ என்று வைத்துக்கொண்டால் முளையில் குழப்பம் தீரும்.

> சரி, முளையே இருக்கட்டும். ஆனால் ஒன்று எழுதிவிடு. ஜிக்கில் வெட்டும் முளையும் கையால் அறுக்கும் முளையும் ஒன்றில்லை. பழைய பெட்டியில் முளை ஊசி மாதிரி இருக்கும்.

உண்மை. ஊடு விரிவாலில் முளையின் ஒடுங்கிய பக்கம் அலகின் கழுத்தைவிட மெல்லியதாக வராது, ஏனென்றால் அந்தக் கழுத்து வால்களுக்கு நடுவே நுழைந்தாக வேண்டும். கைவாளுக்கு அந்தத் தடை கிடையாது, வாள் போகும் இடைவெளி அளவுக்கே முளையை ஒடுக்கலாம். சாய்வும் வேறு. கையால் செய்பவர்கள் மென்மரத்துக்கு 6-க்கு 1 (6 பங்கு நீளத்துக்கு 1 பங்கு விலகல்), வன்மரத்துக்கு 8-க்கு 1 என்று சரிவு வைப்பது வழக்கம். 14 பாகை என்பது ஏறக்குறைய 4-க்கு 1. கண் பழகியவர் இழுப்பறையைத் திறந்ததும் சொல்லிவிடுவார், இது பொறி வெட்டியது என்று. என் சொந்த ரசனை கைவேலைப் பக்கம்தான், அதற்காகச் சமையலறைக்கு இருபது இழுப்பறை கேட்பவரிடம் ரசனை பேச முடியாது.

> வடசொல் கலக்காமல் பழைய சிற்பநூலில் ஏதும் இல்லையா?

வடசொல் கலக்காமல் சிற்பநூலா! மயமதம் என்ற வடமொழிச் சிற்பநூலில் மரச்சந்துகளுக்கு, அதாவது மர மூட்டுகளுக்கு, ஓர் இயலே உண்டு. அதில் தூணை நீட்டும் ஒரு சந்துக்கு ‘மேஷயுத்தம்’ என்று பெயர், கிடாச்சண்டை. அழகான பெயர். நம் விரிவாலுக்கு உதவாது.

இனிச் சோதனை. கையேட்டின் ஒரு பத்தியைப் புதிய சொற்களில் திருப்பி எழுதிப் பார்த்தேன்:

‘முதலில் வீண்மரத்தில் வெட்டிப் பார்க்கவும். மூட்டு தளர்ந்தால் அலகை இறக்கவும், இறுகினால் ஏற்றவும். வால் குழிக்கு வெளியே துருத்தினால் விரல்தகட்டைப் பின்னுக்குத் தள்ளவும், உள்ளே அமிழ்ந்தால் முன்னுக்கு இழுக்கவும். நிற்கும் பலகையின் விளிம்பு பிய்யாமலிருக்க, முதலில் வலமிருந்து இடமாக மெல்லிய கீறல் ஓட்டம் ஒன்று விடவும். அலகு முழுதாக நிற்கும்வரை காடிப்பொறியை மேலே தூக்க வேண்டாம். தூக்கினால் வாலும் விரல்தகடும் சேர்ந்தே போகும்.’

ஐயா, இதை உங்கள் பட்டறையில் ஒரு பையனிடம் படிக்கச் சொல்லி, ஜிக்கை அவனே மாட்டுகிறானா என்று பார்க்க முடியுமா? கடைசி வரியை நான் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன்.

மிச்சம் இருப்பது பொறியின் அடியில் மாட்டும் அந்தச் சிறு வளையம், விரல்களை ஒட்டி ஓடுவது. ‘கைடு புஷ்’ என்று விடலாமா, ‘வழிவளையம்’ எனலாமா? ஜிக்குக்குச் சொல் தேடுவதை நான் கைவிட்டுவிட்டேன். பலகையைப் பிடிக்கவும் செய்கிறது, அலகுக்கு வழிகாட்டவும் செய்கிறது. கடையில் கேட்டால் ஜிக் என்றால்தான் எடுத்துத் தருகிறார்கள்.